சித்தி கற்றுக்கொண்ட பேச்சு

சித்தியின் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. மண்பானைத் தண்ணீர். டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்து, ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை போய் நின்றது. எதிரே ஐந்து வயதுத் தம்பி. தெருவில் வெயிலில் ஆடிவிட்டு வந்தவன், கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினான். சித்தி அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கி, அவன் தொடையோடு சேர்த்து வைத்தாள். பிறகு டம்ளரைத் தன் உதட்டுக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தாள். டம்ளரைப் பார்க்கிற பிள்ளை உதட்டையும் பார்க்கட்டும் என்றுதான். "வாயால கேளுய்யா. தண்ணி. த… தண்ணி" என்றாள். அவன் "அண்ணி" என்றான். நாக்கு பல்லைத் தொடவில்லை. சித்தி கோபப்படவில்லை. தன் நாக்கைக் காட்டி, அவன் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, மறுபடி சொன்னாள். அவன் மறுபடி "அண்ணி" என்றான். உதடு காய்ந்து வெள்ளையாகப் பொரிந்திருந்தது. இன்னும் சில முறை முயன்று பார்த்தவன், சட்டென்று திரும்பி வெளியே போய், தெருக்குழாயடியில் குந்தி, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தான். சித்தி நிறைந்த டம்ளரோடு வாசலில் நின்றாள். "இன்னைக்கு 'த' வந்துரும்னு நெனச்சேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடியின் தூரில் ஊற்றினாள்.

நான் அப்போது பள்ளி விடுமுறைக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்திருந்தேன். சித்தி என் அம்மாவின் தங்கை. அவள் மகன்தான் தம்பி. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்பதால் அவனை 'சித்தி மகன்' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சித்தி கல்யாணத்துக்கு முன்பிருந்தே நூற்பு மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவள். சித்தப்பாவும் அதே மில். அவர்கள் குடியிருந்த தெருவுக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு மதில்தான். ஷிப்டு மாறும்போது மில் சங்கு ஊதினால் அந்தத் தெருவின் கைக்குழந்தைகள் எல்லாம் திடுக்கிட்டு அழும். தம்பி மட்டும் அசையாமல் தூங்குவான். நல்ல தூக்கம், சமத்துப் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஒருநாள் சங்கு ஊதுகிற நேரம் பார்த்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் இமையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தனக்கு விஷயம் புரிந்தது என்று சித்தி சொல்லியிருக்கிறாள். அவள் மில் வேலையை விட்டது அதற்குப் பிறகுதான்.

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் அவனைக் கொண்டுபோனார்கள். அவர் சட்டைப் பையில் வைக்கும் பெட்டியும் காதுக்குப் போகும் வயருமாக ஒரு கருவி மாட்டச் சொன்னார். கூடவே ஒரு விதியும் சொல்லி அனுப்பினார். பிள்ளை கையால் எதைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், வீட்டில் யாரும் கையை ஆட்டிப் பேசாதீர்கள், கை பேசினால் வாய் பேசாது. அந்த நாளில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்தி அந்த விதியை விரதம் போலப் பிடித்துக்கொண்டாள். சுவர் முழுக்கப் படங்கள் ஒட்டினாள். பசு, பந்து, பழம், பல். காகிதத் துண்டை அவன் உதட்டுக்கு முன்னால் பிடித்து, 'ப' சொன்னால் காகிதம் ஆட வேண்டும் என்று காட்டுவாள். காகிதம் ஆடிய நாளில் தெருவுக்கே கடலைமிட்டாய் கொடுத்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும், இங்கே இவள் கண்ணாடிக்கு முன்னால் அவனை உட்காரவைத்து வாயைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருப்பாள். குழம்பு அடிப்பிடித்த நாள்கள் அதிகம். உறவுக்காரர்கள் எல்லாம் இப்படி ஒரு தாய் எங்கே கிடைப்பாள் என்று பேசினார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். அது பொய்யும் இல்லை. அந்த அன்பில் குறை சொல்ல இன்றும் எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அன்பு போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

சித்தப்பா வேறு மாதிரி. அவருக்கு எந்த விதியும் மண்டையில் நிற்காது. மில்லில் இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. நூல் அறுந்துவிட்டது, மேஸ்திரி வருகிறார், டீக்குப் போகலாம் என்று எல்லாவற்றையும் கையாலும் புருவத்தாலும்தான் சொல்லிக்கொள்வார்கள். பல வருஷம் அப்படிப் பேசிப் பழகிய மனிதர். ஷிப்டு முடிந்து வந்து, சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, சித்தி அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்ப்பார். இல்லையென்றால் தகப்பனும் மகனும் வாசல்படியில் எதிரெதிராக உட்கார்ந்து கையை வீசத் தொடங்கிவிடுவார்கள். மில்லில் யாரோ வழுக்கி விழுந்தது, பஸ் ஸ்டாண்டில் நாய்ச் சண்டை, புரோட்டா வாங்கித் தருவதாக வாக்கு, எல்லாம் நடக்கும். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அவன் சிரிப்பில் ஒரு முரட்டுச் சத்தம் இருக்கும். அது கேட்டால் சித்தி வந்துவிடுவாள். "அவியளும் சேந்து கெடுக்காவ" என்று என்னிடம் முறையிடுவாள். சித்தப்பா கையை லுங்கிக்குள் ஒளித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அந்த வாசல்படிப் பேச்சைச் சித்தி ஒரு முறையாவது முழுதாக உட்கார்ந்து பார்த்திருக்கலாம் என்று நான் நினைக்காத நாளில்லை.

உள்ளூர்ப் பள்ளியில் தம்பி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் படம் போல வரைந்துகொண்டு வந்தான். ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தபின், காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் வெளியூரில் சேர்த்தார்கள். அங்கும் வகுப்பில் வாய்ப்பேச்சுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் மணி அடித்து எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட்டால், பெரிய பையன்கள் முதல் சிறுசுகள் வரை கையால் பேசுவார்களாம். முதல் விடுமுறைக்கு வந்தபோது அவன் ஆளே மாறியிருந்தான். மொட்டை மாடியில் என்னை உட்காரவைத்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தான். நான் தப்பாகச் செய்தால் என் விரலைப் பிடித்துத் திருத்துவான். அதுவரை 'ஆமாம்', 'இல்லை', 'பசிக்கிறது' என்று மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த பிள்ளைக்குள் அத்தனை கேலி, அத்தனை கேள்வி இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நிலா ஏன் பஸ் கூடவே வருகிறது என்று கேட்டான். அதைச் சொல்லத் தெரியாமல் நான் விழித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது சித்தப்பா இறந்துபோனார். காலை ஷிப்டில் நெஞ்சுவலி. ராஜபாளையத்தில் பார்த்துவிட்டு மதுரைக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. கூட இருந்தவள் சித்தி ஒருத்திதான். என் அப்பா போய்த் தம்பியை விடுதியிலிருந்து கூட்டிவந்தார். அவருக்குக் கைப்பேச்சு தெரியாது. உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வாயை அகலத் திறந்து சொல்லியிருக்கிறார். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ. தெருமுனையில் பந்தலைப் பார்த்ததும் அவன் நின்றான். அப்புறம் ஓடினான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அங்கே இருந்த ஒவ்வொரு முகமாகத் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் மேலே விரித்து விரித்துக் கேட்டான். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு. யாரோ அவன் கையைப் பிடித்துத் தலையைத் தடவினார்கள். யாரோ பொறவு சொல்லலாம் என்றார்கள். நான் நெஞ்சைத் தொட்டு, வலி என்று காட்டினேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. பிறகு அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்து, முன்னால் நடக்கவிட்டார்கள். சுடுகாட்டில் அவனைத் தள்ளித் தள்ளித்தான் எல்லாம் செய்யவைத்தார்கள் என்று என் அப்பா வந்து சொன்னார்.

அதன்பிறகு, விடுமுறைக்கு வந்தாலும் சரி, படிப்பு முடித்து வந்தபிறகும் சரி, வீட்டில் அவனோடு கையால் பேச ஆளில்லை. சித்தியும் அவனும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி நெருக்கமாக வாழ்ந்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டு வைப்பாள். அவனுக்குப் பிடித்த சீரணி மிட்டாயைத் தேடி வாங்கி வருவாள். அவன் கண்ணுக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்வாள். அவன் தலையாட்டுவான். புரிந்தாலும் ஆட்டுவான், புரியாவிட்டாலும் ஆட்டுவான். "ம்மா" என்று ஒரு சத்தம் மட்டும் அவனிடமிருந்து வரும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும் என்பது போல அவள் முகம் மலரும். உடனே "அம்மா… அ… சொல்லு" என்று திருத்துவாள்.

வெளியே அவன் வேறொருவனாக வளர்ந்துகொண்டிருந்தான். பள்ளி முடித்துக் கணினியில் வடிவமைப்புப் படித்து, ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், மில்லுக்கான லேபிள் எல்லாம் அவன் வடிவமைப்பதுதான். நானும் படிப்பு முடித்து அந்த ஊரிலேயே ஒரு ஜவுளி கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ். ஞாயிறுகளில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் தம்பியின் கூட்டம் சேரும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று சுற்றுப்பட்டில் உள்ள காது கேளாத பையன்களும் பெண்களும் வருவார்கள். மில் வேலை, தையல் வேலை, ஒருவன் மரக்கடை. டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது. கடைக்காரர் முதலில் முறைத்துப் பார்த்தார். பிறகு 'டீ', 'சீனி கம்மி', 'பார்சல்' மூன்றையும் கையால் சொல்லப் பழகிக்கொண்டார். நான் அங்கே போய் உட்கார்ந்துதான் அந்த மொழியை ஓரளவு தேறினேன். தம்பிக்கு ஒரு கனவு இருந்தது. ஊமைப் பிள்ளை என்று பேர் வாங்கிய சிறுசுகளைப் பெற்ற அம்மா அப்பாக்களுக்கு இந்தக் கைப்பேச்சைச் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்பான். பிள்ளைகளுக்கு நாங்கள் போதும், பெற்றவர்களுக்குத்தான் பள்ளிக்கூடம் இல்லை என்பான்.

அந்தக் கூட்டத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தான். வன்னியம்பட்டிக்காரி. பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. அவளும் பிறவியிலேயே கேளாதவள். தம்பி நிதானம் என்றால் அவள் பட்டாசு. இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் பேசுவதற்காக வன்னியம்பட்டிக்குப் போனோம். சித்திக்கு உள்ளூரச் சம்மதமில்லை. பேசத் தெரிந்த பெண் வந்தால் மகனுக்கும் பேச்சு கூடும் என்று அவள் கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கமும் பாயில் உட்கார்ந்து, இதுகளுக்குப் பிறக்கிற பிள்ளைக்குக் காது கேட்குமா, ஆத்திர அவசரத்துக்கு யார் போன் எடுப்பது, தனிக்குடித்தனம் வைத்தால் யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு ஓடியது. அவர்கள் இருவரும் நடுவில் உட்கார்ந்து, பந்து போகிற பக்கமெல்லாம் பார்ப்பது போல ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் எழுந்து காலால் தரையை ஓங்கி மிதித்தாள். சிமெண்டுத் தரை அதிர்ந்து எல்லோரும் திரும்பினார்கள். என்னைக் காட்டி, நான் சொல்வதைச் சொல் என்று கையசைத்தாள். எங்களைப் பற்றி எங்களிடம் கேளுங்கள், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்றாள். நான் அதைச் சத்தமாகச் சொன்னேன். பிறகு அவள் சித்திக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள். ஒரு நாளைக்கு உங்கள் மகன் உங்களிடம் என்னென்ன பேசுவார்?

சித்தி "சாப்ட்டேம்மான்னு சொல்லுவான்" என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ராஜபாளையம் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தன்னை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டாள் என்று கோபப்படுவாள் என நான் பயந்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. விடை தெரிந்த கணக்கு என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டு, எழுதும்போது வராமல் திகைக்கிற பிள்ளையின் முகம் அது.

அந்தக் கேள்வி தம்பியையும் விடவில்லை போலிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் என்னை அழைத்து, உடனே வீட்டுக்கு வா என்றான். நான் போனபோது சித்தி அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி அரிவாள்மனையை நகர்த்தி வைத்துவிட்டு அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான். நான் கேட்பதை ஒரு சொல்கூட விடாமல் அம்மாவிடம் சொல் என்று எனக்குச் சைகை செய்தான். அவன் கைகள் நிதானமாகவே நகர்ந்தன. நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னேன். "அப்பா எப்படிச் செத்தாங்க? அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு யாரும் சொல்லல. கொள்ளி வச்சது நான். ஒண்ணுமே தெரியாம வச்சேன்."

சித்தி வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆம்புலன்சுக்குள் நடந்ததை அவள் என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். மில்லிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது வாயுக்கோளாறு என்று சித்தப்பா சிரித்திருக்கிறார். மதுரைக்குக் கிளம்பும்போது முகத்தில் மாஸ்க் மாட்டிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் வலி கூடிவிட்டது. "வாயால ஒண்ணும் பேச முடியல. கையத் தூக்கித் தூக்கிக் காட்டுனாவ. மாஸ்க்கப் பிடுங்கிருவாவளோன்னு பயந்து நான் கையப் பிடிச்சு அமுக்கிக்கிட்டேன். அமுக்க அமுக்கத் தூக்குனாவ. கிருஷ்ணன்கோவில் வாரதுக்குள்ள கை அடங்கிருச்சு" என்றாள்.

எனக்குத் தெரிந்த சைகைகளை வைத்து, தட்டுத்தடுமாறி, சிலதை விரலால் எழுத்தாக எழுதிக் காட்டி நான் அதைச் சொல்லி முடித்தேன். தம்பி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சித்தியின் பக்கம் திரும்பினான். கையை எப்படித் தூக்கினாங்க, செய்து காட்டச் சொல் என்றான். சித்தி தயங்கி வலது கையைத் தூக்கினாள். இரண்டு விரலைச் சேர்த்து, இடது புருவத்தின் மேல் மெதுவாகத் தேய்த்தாள். மறுபடியும் அதே மாதிரி தேய்த்தாள். "வேர்வையத் தொடைக்காவன்னு நெனச்சேன்" என்றாள்.

தம்பி உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னுமாக ஆடினான். அவன் இடது புருவத்தின் நடுவே முடி இல்லாத ஒரு கோடு உண்டு. சிறுவயதில் சித்தப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போகும்போது ரயில்வே கேட் அருகே விழுந்த தழும்பு. நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தழும்பு இருக்கும் இடத்தைத் தன் புருவத்தில் தேய்த்துக் காட்டித்தான் சித்தப்பா அவனைக் கூப்பிடுவார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. வாசல்படியில், சித்தி அடுப்படியில் இருக்கும்போது, தகப்பனும் மகனும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் அது. தம்பி என்னிடம் கையால் சொல்ல, நான் சித்தியிடம் சொன்னேன். "அது எம் பேரு. அப்பா வச்சது. அப்பா என்னக் கூப்புட்டிருக்காங்க."

சித்தி அழுது புரளவில்லை. தன் இரண்டு விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அத்தனை வருஷமாக அவள் சுமந்துகொண்டிருந்தது என்ன என்று அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பிறகு அந்த விரல்களை மறுபடியும் தன் புருவத்துக்குக் கொண்டுபோனாள். இம்முறை மகனைப் பார்த்தபடி செய்தாள். அவன் "ம்மா" என்றான். அவள் திருத்தவில்லை.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மண்டபம். மேளம் ஒருபக்கம் முழங்க, கூடத்தில் பாதிப் பேர் கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி பட்டுச்சேலையில் அவர்கள் நடுவே நின்று, யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்துவைத்தாள். மருமகள் வந்தபிறகு அடுப்படியில் பாடம் தொடங்கியது. உப்பு, புளி, பால் பொங்குகிறது, வெளியே போய்விட்டு வருகிறேன். மருமகள் கண்டிப்பான வாத்தியார். தப்பாகச் செய்தால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாளாம், சத்தம் கேட்டுச் சித்தி நிமிர வேண்டும். மில் வேலையிலும் வீட்டு வேலையிலும் தேய்ந்த விரல்கள், முட்டி வேறு வீங்கிப்போனவை. காலையில் படித்தது சாயங்காலம் மறந்துவிடும். சாப்பாடு, கடை, மழை, உடம்பு என்று வீட்டுக்கு வேண்டியது அவளுக்கு வந்துவிட்டது. அதற்கு மேலே உள்ளது வரவில்லை. மகன் பேசும் வேகத்துக்கு அவள் கண் ஓடவில்லை. நாலு சொல் பிடித்தால் பத்துச் சொல் நழுவிவிடுகிறது.

பேரன் பிறந்தான். அவனுக்குக் காது கேட்கும். மூன்று வயதிலேயே வாயால் ஒன்று, கையால் ஒன்று என இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடு. அப்பாவும் மகனும் வாசலில் உட்கார்ந்து கையை வீசிச் சிரிப்பதைச் சித்தி பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏலே, அப்பா என்ன சொல்லுதான்?" என்று கேட்பாள். பேரன் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டு ஓடிவிடுவான். அவன் தூங்கிவிட்டால் சித்தியும் தம்பியும் பேசிக்கொள்ள ஆளில்லாமல் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் சித்தி என்னிடம் கேட்டாள், தம்பி சின்ன வயதில் எதற்கெல்லாம் பயப்பட்டான், விடுதியில் யாரும் அவனை அடித்தார்களா, அப்பா போனபிறகு தனியாக அழுதானா, உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்கிறானா என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தன் பிள்ளையின் பிள்ளைப்பருவத்தை ஒரு தாய் அக்கா மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் மீது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்குச் சொல்லப்பட்டதை அவள் செய்தாள், அதுவும் யாரும் செய்ய முடியாத அளவுக்குச் செய்தாள். ஆனால் அந்த வருஷங்களை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

தம்பி நினைத்ததைச் சாதித்துவிட்டான். அச்சக முதலாளி மாடியறையை விட்டுக்கொடுக்க, சனிக்கிழமை பிற்பகல்களில் அங்கே வகுப்பு நடக்கிறது. அவனும் அவன் மனைவியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். டீக்கடைக் கூட்டத்துப் பிள்ளைகள் மாறி மாறி உதவிக்கு வருகிறார்கள். பிளவக்கல் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள் தாய்மார்கள். இப்போது சின்ன வயதிலேயே ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைக்கிறார்கள். அதைச் செய்யுங்கள், இதையும் படியுங்கள், பிள்ளை எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே வரட்டும் என்பான் தம்பி. அவன் கையால் சொல்வதைச் சத்தமாகச் சொல்லும் வேலை எனக்கு. அந்த அறையில் முன்வரிசையில், ஒரு வாரமும் தவறாமல் உட்காருகிற மாணவி சித்தி.

போன வாரம் வ. புதுப்பட்டியிலிருந்து ஓர் இளம்பெண் புதிதாக வந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. பாடம் தொடங்குவதற்கு முன்னால், எதிரே நின்று பேசுகிறவர் சித்தியின் மகன் என்று தெரிந்துகொண்டு, அவள் மெதுவாகச் சித்தியின் பக்கம் நகர்ந்தாள். நானும் அருகில்தான் இருந்தேன். "ஒங்க மகனுக்குப் பேச்சு வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். அவள் கேட்டது வாய்ப்பேச்சை. தன் குழந்தைக்கு வருமா என்பதை. சித்தி குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

"அவனுக்கு எப்பவோ வந்துருச்சு தாயி. எனக்குத்தான் இன்னும் வரல."

முன்னால் நின்ற தம்பி இவர்கள் பேசுவதைக் கவனித்துவிட்டான். என்ன பேசுறீங்க என்று சித்தியிடம் கையால் கேட்டான். சித்தி பதில் சொல்ல இரண்டு கையையும் தூக்கினாள். கைகள் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றுவிட்டன. அதைச் சொல்லும் சைகை அவளிடம் இல்லை. உதவிக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையை எடுப்பதற்குள், வேண்டாம் என்று தம்பி எனக்குத் தலையசைத்தான். அம்மாவின் கைகளையே பார்த்தபடி, அவள் தேடி எடுக்கட்டும் என்று அவன் நின்றுகொண்டிருந்தான்.